சார்ட்டர் ஸ்கூல் ஆரம்பிக்கணுமா? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கலிஃபோர்னியால கையால செஞ்சு கத்துக்கற ஒரு சார்ட்டர் ஸ்கூலுக்கு பெட்டிஷன் எழுதுன டீம்ல நான் இருந்தேன். சார்ட்டர்னா அரசு காசுல, ஆனா தனி குழு நடத்தற ஸ்கூல்; ஆரம்பிக்கணும்னா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கிட்ட, அதாவது அந்த ஊர் பள்ளி நிர்வாகத்துகிட்ட, பெட்டிஷன் குடுத்து அனுமதி வாங்கணும். முதல் தடவை தள்ளுபடி, அடுத்த வருஷம் திருத்தி எழுதி பாஸ் ஆச்சு. அதுக்கு முன்னாடி மிடில் ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். எனக்கு அத்துபடி கலிஃபோர்னியா சட்டம் மட்டும்தான், மத்த ஸ்டேட்காரங்க உங்க ஊர் சட்டத்தை பாத்துக்கோங்க. இட்லிக்கு அரைச்சு வெச்சாச்சு, சாயங்காலம் வரைக்கும் ஃப்ரீ.

ஃப்ரீமாண்ட் அம்மா: நாங்க ஆறு பேரண்ட்ஸ் சேந்திருக்கோம் அக்கா. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

கையெழுத்துலேர்ந்து. முதல் வருஷம் எத்தனை புள்ளைங்க சேருவாங்கன்னு சொல்றீங்களோ அதுல பாதி எண்ணிக்கைக்கு பேரண்ட்ஸ் கையெழுத்து வேணும், இல்லேன்னா வேலைக்கு வரப்போற டீச்சர்கள்ல பாதி பேர் போடணும். அப்புறம் பெட்டிஷன், அதுல சட்டம் கேக்கற 15 விஷயமும் இருக்கணும். டிஸ்ட்ரிக்ட்ல குடுத்த 60 நாளைக்குள்ள பொது விசாரணை, 90 நாளைக்குள்ள முடிவு. தள்ளிட்டா கவுண்டி கல்வி போர்டுக்கு அப்பீல் போகலாம். 2019ல சட்டத்தை மாத்துனதுலேர்ந்து, உங்க ஸ்கூல் வந்தா எங்க பட்ஜெட் அடிவாங்கும்னு டிஸ்ட்ரிக்ட் சொல்றதுக்கும் இடம் இருக்கு, அதனால எண்ணெல்லாம் கையில வெச்சுக்கிட்டு போங்க.

ஆனா எங்களை கவுத்தது இது எதுவும் இல்ல. டிஸ்ட்ரிக்ட் போர்டுல ஒரு அம்மா கேட்டாங்க, "உங்க புள்ளைங்க ஃப்ராக்ஷன் எப்ப கத்துக்குவாங்க?" எங்க ஆளு ஒருத்தரு "தோட்டம் போடும்போது"ன்னாரு. ஹால்ல சிரிச்சுட்டாங்க. சரியான கேள்விதாங்க அது. எந்த வாரம், எந்த வேலை, எவ்வளவு நேரம், எந்த டீச்சர்னு நாங்க யோசிக்கவே இல்ல, 'அனுபவம்' 'ஆர்வம்'னே 200 பக்கம் எழுதி வெச்சிருந்தோம். ரெண்டாவது தடவை ஒரு ஆறாங்கிளாஸ் புள்ளையோட ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையை காலை 8:30லேர்ந்து எழுதினோம். கடையில டூ பை ஃபோர்னு (ரெண்டுக்கு நாலு இன்ச்) விக்கற கட்டை நிஜத்துல ஒன்றரை இன்ச்சுக்கு மூன்றரை இன்ச்தான் இருக்கும், அதை அளக்கற புள்ளை கடைக்காரன் ஏமாத்திட்டான்னு கத்தும், அங்கேர்ந்து அந்த கட்டையால செய்யற தோட்டப் பாத்தியோட உள்ளளவு எவ்வளவு வரும்னு கழிக்க வைக்கணும், அப்புறம் மர வேலையை ஓரமா வெச்சுட்டு 40 நிமிஷம் நோட்டுல வெறும் கணக்கு. அந்த 40 நிமிஷத்தை விட்டுடாதீங்க, ஆர்வக்கோளாறுல எல்லாரும் முதல்ல வெட்டறது அதைத்தான்.

டப்ளின் ரவி: ஃபீஸ் எவ்வளவு வரும்?

சார்ட்டர்னா பப்ளிக் ஸ்கூல். ஃபீஸ் கிடையாது.

சேக்ரமென்டோ குமார்: ஒரு பழைய வேர்ஹவுஸ் சீப்பா கிடைக்குது மேடம், லீஸ் போட்டு வெச்சுக்கலாமா?

போடாதீங்க. பெட்டிஷன் பாஸ் ஆகறதுக்கு முன்னாடி எந்த லீஸ்லயும் கையெழுத்து போடாதீங்க. குடோனை பள்ளிக்கூடமா மாத்தணும்னா தீயணைப்பு, வாசல், வீல்சேர் வழின்னு செலவு இழுத்துக்கிட்டே போகும். 2000ல ஓட்டு போட்டு கொண்டு வந்த ப்ரொபசிஷன் 39ங்கற சட்டம் தெரியுமா? உங்ககிட்ட அந்த டிஸ்ட்ரிக்ட் புள்ளைங்க தினசரி சராசரி 80 பேர் வருவாங்கன்னா, தங்களோட மத்த ஸ்கூலுக்கு ஈடான இடத்தை டிஸ்ட்ரிக்டே தரணும். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 1க்குள்ள கேக்கணும். குடுக்கற ரூம்ல ரம்பம் ஓட்ட விடுவாங்களாங்கறது வேற சண்டை.

மேக்கர் மணி: பத்து 3டி பிரிண்டர் டொனேஷனா தர ஆள் இருக்காங்க.

வாங்கிக்கோங்க. ஆனா பட்டனை தட்டிட்டு அது பிரிண்ட் ஆகறதை பாத்துட்டு உக்காந்திருக்கறது செஞ்சு கத்துக்கறது இல்ல. அந்த காசுல ஒரு நல்ல டீச்சருக்கு கோடை லீவுல நாலு வாரம் சம்பளம் குடுங்கன்னு கேட்டு பாருங்க. சான் டியாகோல 2000ல ஆரம்பிச்ச ஹை டெக் ஹைங்கற சார்ட்டர் ஸ்கூலை பாக்க போறவங்க சுவத்துல தொங்கற மாடலை போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க. மேத்ஸ் சயின்ஸ் டீச்சரும் ஹியூமானிட்டீஸ் டீச்சரும் ஒரே புள்ளைங்களை பங்கு போட்டுக்கிட்டு சேந்து உக்காந்து பிளான் பண்றாங்க பாருங்க, ஸ்கூல் அதுலதான் நிக்குது.

சான் ஹோசே வித்யா: ஃபீஸ் இருக்கா? எச்1பில இருக்கோம், சேக்கலாமா?

மேல பாருங்க. சேக்கலாம், விசா கேக்க மாட்டாங்க.

சேலம் செல்வம்: கைத்தொழில், கைத்தொழில்னு சொல்றீங்களே, 1953ல ராஜாஜி கொண்டு வந்த குலக்கல்விக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஊர்ல விரட்டி விட்டதை அமெரிக்கால போய் இங்கிலீஷ்ல செய்யறீங்க.

வாங்க, இன்னைக்கு உருப்படியான கேள்வி இதுதான். அந்த திட்டத்துல ஸ்கூல் நேரத்தை 3 மணியா குறைச்சாங்க, மிச்ச நேரம் புள்ளை அப்பாவோட தொழிலை கத்துக்கணும். குயவர் புள்ளை பானை, வக்கீல் புள்ளை? அதான் பெரியார் எதிர்த்தாரு, 1954ல காமராஜர் வந்ததும் எடுத்துட்டாரு. சரியாத்தான் எடுத்தாரு.

டல்லஸ் தாத்தா: அரை உண்மை பேசாதேம்மா. ஸ்கூல் பத்தலை, வாத்தியார் பத்தலை, ஷிஃப்ட் வெச்சா நிறைய புள்ளைங்களை சேக்கலாம்னு செஞ்சது. 1937லயே காந்தி வார்தால இதைத்தானே சொன்னாரு?

இல்லைங்க ஐயா, காந்தி சொன்னது தொழிலை ஸ்கூலுக்குள்ள கொண்டு வந்து அது வழியா பாடம் நடத்தறது. ராஜாஜி திட்டம் புள்ளையை ஸ்கூலுக்கு வெளிய அனுப்புச்சு. இடம் பத்தலைங்கறது நிஜம்தான், அதுக்காக வெளிய நின்னது யார் வீட்டு புள்ளைன்னு பாருங்க.

சேலம் செல்வம்: காந்தி சொன்னதும் மேல்ஜாதி பசங்க ராட்டை சுத்தலையே.

அதுக்கு நான் என்ன பதில் சொல்ல, சரிதான். இங்கயும் இதே கதை நடந்திருக்கு, 1881ல ஆரம்பிச்ச டஸ்கிகீ ஸ்கூல்ல புக்கர் டி வாஷிங்டன்ங்கற கறுப்பின தலைவர் கறுப்பின பசங்களுக்கு செங்கல் அறுக்க, தச்சு வேலை செய்ய கத்துக்குடுத்தாரு, தொழிலோட நிறுத்திடறீங்களேன்னு டூ பாய்ஸ்ங்கற இன்னொரு கறுப்பின அறிஞர் பின்னாடி சண்டைக்கு வந்தாரு. டாக்டர் வீட்டு புள்ளைக்கு ரோபோவும் தோட்டக்காரர் புள்ளைக்கு தோட்டமும்னு ஆச்சுன்னா அன்னைக்கே ஸ்கூலை மூடிடலாம். அதனால எங்க பெட்டிஷன்ல திறமைவாரியா பிரிச்ச கிளாஸ் கிடையாதுன்னு எழுதினோம், எல்லாரும் ஒரே பட்டறை, எல்லாரும் ஒரே அல்ஜீப்ரா.

டல்லஸ் தாத்தா: சரிம்மா, வயசாச்சு எனக்கு, விடு.

கூப்பர்டினோ கண்ணன்: என் பையனுக்கு சீட் கன்ஃபர்ம் பண்ண முடியுமா? ஃபீஸ் எவ்வளவுன்னாலும் ஓகே.

விண்ணப்பம் அதிகமா வந்தா குலுக்கல். மூணாவது தடவையா சொல்றேன் ஃபீஸ் இல்ல.

இர்வைன் இனியன்: தமிழ் சொல்லித்தரலாமா? பொங்கல் வைக்கலாமா?

மொழி தாராளமா. ஃப்ளோரிடால 2007லயே ஹீப்ரூ சார்ட்டர் வந்தாச்சு. பொங்கல் பொங்கட்டும், பப்ளிக் ஸ்கூல்ங்கறதால பூஜை கூடாது.

பேர் வேண்டாம்: என் பொண்ணுக்கு ஆட்டிசம். இந்த மாதிரி ஸ்கூல்ல சத்தம் ஜாஸ்தி, வேண்டாம்னு சொல்லிடுவாங்களா?

சொல்லக்கூடாதும்மா. "எங்க ஸ்கூல் உங்க குழந்தைக்கு பொருந்தாது"ன்னு நைசா பேசி அனுப்பறது இருக்கே, சட்டப்படி தப்பு. மத்த பப்ளிக் ஸ்கூல் மாதிரியே ஐஇபி (அந்த குழந்தைக்குன்னு எழுதற தனி கல்வித் திட்டம்) படி எல்லாம் செஞ்சாகணும். பட்டறை பக்கத்துலயே ஒரு அமைதியான ரூம், காதுக்கு மாட்டிக்க மஃப், மெஷின் எத்தனை மணிக்கு ஓடும்னு காலையிலயே போர்டுல எழுதிடறதுன்னு கேளுங்க. ஸ்கூல் ஆரம்பிக்கறவங்க இந்த செலவை முதல் வருஷ பட்ஜெட்லயே போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா மாட்டிக்குவீங்க. சேக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் பொண்ணை கூட்டிட்டு போய் உக்காரவெச்சு பாருங்கம்மா.

மேக்கர் மணி: லேசர் கட்டர்?

புகை போக வழி இருக்கா? இல்லேன்னா வேண்டாம்.

சேலம் செல்வம்: கடைசியா ஒண்ணு. ஹைஸ்கூல் வரைக்கும் போனா, நாலு வருஷம் மரம் அறுத்த பையன் யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) காலேஜுக்கு அப்ளை பண்ண முடியுமா முடியாதா?

ஏ-ஜின்னு யூசி ஹைஸ்கூல்ல படிச்சிருக்கணும்னு கேக்கற 15 கோர்ஸ் இருக்கு, அது முடிக்காம யூசி பக்கம் போறது கஷ்டம். உங்க கோர்ஸ் அதுக்கு செல்லுமா, வேற ஸ்கூலுக்கு மாறினா கணக்குல எடுப்பாங்களான்னு பேரண்ட்ஸுக்கு எப்படி சொல்லுவீங்கன்னு பெட்டிஷன்லயே எழுதியாகணும். பாஸ் ஆனதும் பட்டறை கோர்ஸையும் யூசிக்கு அனுப்பி அப்ரூவல் வாங்க முயற்சி பண்ணுங்க, அதுக்கு சிலபஸ்ஸை ஒழுங்கா எழுதற டீச்சர் வேணும். ஃப்ரீமாண்ட் அம்மா, உங்க ஆறு பேர்ல யாருக்காவது அந்த பொறுமை இருக்கான்னு இன்னைக்கே கேட்டு வெச்சுக்கோங்க.