ஒன்றாக வளர்ந்த இரண்டு பெண் நாய்கள் திடீரெனக் கடித்துக்கொள்வது ஏன்?

எட்டு வயதுப் பெண் நாயும், குட்டியாக வந்து இப்போது இரண்டு வயதை எட்டியிருக்கும் இன்னொரு பெண் நாயும் சாப்பாட்டு நேரத்திலும், நீங்கள் வீடு திரும்பும்போதும் சண்டையிடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே பாலின நாய்களுக்கிடையில், குறிப்பாக இளையது முழு வளர்ச்சி அடையும் பருவத்தில், இத்தகைய மோதல் தொடங்குவது வழக்கம்.

முதலில் மூத்த நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலி, பல்வலி, காது அழற்சி போன்றவற்றால் வேதனைப்படும் நாய், மற்றது லேசாக உரசினாலே சீறும். அடுத்து, உணவைத் தனித்தனி அறைகளில் கதவைச் சாத்தி வைத்து, தின்று முடித்ததும் தட்டுகளை எடுத்துவிடுங்கள். நீங்கள் உள்ளே நுழையும்போது இரண்டும் வாசலில் முண்டியடிக்காதபடி தடுப்புக் கதவு போடுவது நல்லது.

சண்டை வெடிப்பதற்கு முன் உடல் விறைத்து, வாய் மூடி, பார்வை நிலைகுத்தும். அந்தக் கணத்திலேயே பெயர் சொல்லி அழைத்து இளையதை விலக்க வேண்டும். உறுமலுக்காக அடிக்கவே கூடாது, ஏனெனில் அடிவாங்கிய நாய் எச்சரிப்பதை விட்டுவிட்டு நேரடியாகக் கடிக்கப் பழகும். ‘யார் தலைவர் என்று அவையே தீர்த்துக்கொள்ளட்டும்’ என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. பெண் நாய்களின் சண்டை ஆழமான காயத்தில் முடியக்கூடும்.

மோதும்போது கழுத்துப்பட்டையைப் பிடிக்காமல், இடையே பலகையையோ நாற்காலியையோ நுழைத்துவிடுங்கள். பிறகு சில நாட்கள் பிரித்து வைத்து, நாய்க்கு ஒருவராகக் கயிறு பிடித்து, இடைவெளி விட்டு இணையாக நடத்திச் சென்று, அமைதியாக இருந்தால் மட்டும் அந்த இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.