தலையும் கழுத்தும் மறையும் இடைக்கால உடை: எந்த நூற்றாண்டைத் தேர்ந்தெடுப்பது?

இங்கிலாந்தில் இடைக்கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் விழா ஒன்றுக்காக, 1380 வாக்கில் வாழ்ந்த வசதியான ஆங்கிலேயப் பெண்ணின் உடையைத் தைக்க விரும்பும் வாசகி ஒருவர், தலைமுடி, காது, கழுத்து ஆகியவற்றை மறைத்தே வெளியில் செல்பவர் என்பதால், அவ்வுடையின் அகன்ற கழுத்தை எதைக் கொண்டு மூடலாம் என்று கேட்டிருக்கிறார். துணியை இன்னும் வெட்டவில்லை என்பதால், கழுத்தை மூட வழி தேடுவதைவிட, ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் சென்றுவிடுவதே நல்லது என்பேன்.

உடைக்கழுத்து தோளை நோக்கி அகன்றது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1280 வாக்கிலான மேலங்கிக்குக் கழுத்தை ஒட்டிய வட்ட வெட்டும், தலை நுழைவதற்குச் சிறு முன்திறப்பும் இருந்தன. அத்திறப்பை ப்ரூச் என்ற அலங்கார ஊசி ஒன்றால் பூட்டிக்கொண்டார்கள். தாடைக்கு அடியிலிருந்து கழுத்தை மூடி இறங்கும் விம்பிள் என்ற வெள்ளை லினன் துணியும், அதன்மேல் முக்காடும் மணமான பெண்களுக்கு அன்று இயல்பான உடை. 1380-லும் விம்பிள் இருந்தது. ஆனால் நாகரிகத்தைப் பின்பற்றிய இளம்பெண்கள் அதற்குள் அதைக் கைவிட்டிருந்ததால், அணிபவரைக் கைம்பெண்ணாகவோ கன்னியாஸ்திரீயாகவோ காட்டக்கூடும். அந்தத் தோற்றத்தில் உங்களுக்குத் தயக்கமில்லை என்றால் 1380-லேயே நிற்கலாம். விம்பிளின் கீழ்விளிம்பை உடைக்கழுத்துக்குள் செருகிக்கொண்டால் போதும்.

எல்லாம் நழுவாமல் நிற்பது அடியில் அணியும் குல்லாவைப் பொறுத்தது. இதில் சிக்கனம் வேண்டாம். ஸ்வீடனின் புனித பிர்கிட்டா (1303–1373) அணிந்ததாக நம்பப்படும் லினன் குல்லா ஒன்று நெதர்லாந்தின் ஊடன் நகரில் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது. இரண்டு பாதிகளை நடுவில் பின்னல் தையலால் இணைத்த அந்தக் குல்லாவின் நீண்ட பட்டையைப் பிடரியில் குறுக்கே மாற்றித் தலையைச் சுற்றிப் போட்டால், முடி முழுவதும் உள்ளே அடங்குவதோடு ஊசி குத்துவதற்கு உறுதியான தளமும் கிடைக்கிறது. மெல்லிய வெள்ளை லினன் வழியே கறுத்த முடி தெரியும் என்பதால், குல்லாவுக்கு மட்டும் நெருக்கமாக நெய்த துணியை எடுங்கள்.

விம்பிளுக்கு ஏறத்தாழ 45 செ.மீ. அகலமும் 110 செ.மீ. நீளமும் போதும். தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் வாக்கில், அதாவது துணியின் இழைகளுக்கு மூலைவாட்டாக வெட்டினால், துணி தாடையோடு படிந்து நிற்கும். பேசும்போதும் சாப்பிடும்போதும் இழுக்காது. நடுப்பகுதியைத் தாடைக்கு அடியில் வைத்து, இரு முனைகளையும் காதுகளை மூடியபடி உச்சிக்குக் கொண்டுபோய்க் குல்லாவின் பட்டையில் பித்தளைக் குண்டூசியால் குத்துங்கள். முக்காட்டையும் அதே பட்டையில், உச்சியிலும் இரு நெற்றிப்பொட்டுகளிலும் குத்த வேண்டும். பாலியெஸ்டர் வழுக்கும், வேர்க்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். லினன் சுருங்கும் என்பதால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள்.

ஜெர்மனியின் நாம்பூர்க் பேராலயத்தில் உள்ள, ஊட்டா என்ற இடைக்காலப் பிரபுகுலப் பெண்ணின் சிலையைப் பார்த்து, தாடையைச் சுற்றும் பார்பெட் பட்டையையே போதுமென்று பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அழகான தேர்வுதான், ஆனால் அச்சிலையில் தொண்டையை மறைப்பது உயர்த்திப் பிடித்த மேலாடையின் கழுத்துப்பட்டியே தவிர பார்பெட் அல்ல. ஆகவே உங்கள் தேவைக்கு அது மட்டும் போதாது.

குளிர்நாளில் திறந்தவெளியில் நிற்க வேண்டியிருந்தால், தோள்வரை இறங்கும் கம்பளித் தலைமூடி ஒன்றையும் சேர்த்துத் தைத்துக்கொள்ளுங்கள். கிரீன்லாந்தில் இடைக்கால ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் வாழ்ந்த ஹெர்யோல்ஃப்ஸ்நெஸின் இடுகாட்டில் 1921-இல் டென்மார்க் தொல்லியலாளர் போல் நோர்லுண்ட் நடத்திய அகழ்வில் இத்தகைய தலைமூடிகள் கிடைத்தன. அவற்றின் வெட்டு முறையைப் பின்பற்றித் தைப்பது வீட்டுத் தையல் பழகியவருக்குக் கடினமில்லை. கூடாரத்துக்குள் வந்ததும் அதைக் கழற்றிவிடலாம். அடியில் விம்பிளும் முக்காடும் அப்படியே இருக்கும்.