ராத்திரி இரண்டு மணிக்கு போனை யார் எடுப்பார்கள்? (ஒரு ஹாஸ்பிஸ் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?)

உங்கள் கேள்வி இதுதான்: அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி கீமோ வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், கடைசிக் காலத்தில் வலியும் தொந்தரவும் இல்லாமல் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் இரண்டு ஹாஸ்பிஸ் சேவைகளின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார், அதில் எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. அப்பாவைக் கணையப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவன். அவருடைய கடைசிப் பதினோரு வாரத்தில் இரண்டு ஹாஸ்பிஸ்களைப் பார்த்துவிட்டோம். முதலாவது மூன்று வாரம், இரண்டாவது கடைசிவரை. ஒப்பிட்டுச் சொல்ல அந்த அனுபவம் போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவதை நாங்கள் தேர்ந்தெடுத்த லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகம் பளிச்சென்று இருந்தது. கையில் வழவழவென்று ஒரு கையேடு கொடுத்தார்கள். பேசிய பெண்மணிக்கு அவ்வளவு கனிவான குரல். "இருபத்து நாலு மணி நேரமும் நாங்க இருக்கோம் சார்" என்று மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

பத்தாம் நாள் இரவு அப்பாவுக்கு வலி முதுகுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டது. மாத்திரை கொடுத்து ஒன்றரை மணி நேரமாகியும் அடங்கவில்லை. கூப்பிட்டேன். எடுத்தவர் பெயர் கேட்டார், வயது கேட்டார், பதிவு எண் கேட்டார். அது ஒரு கால் சென்டர் என்று அப்போதுதான் புரிந்தது. நாற்பது நிமிடம் கழித்து வேறொருவர் கூப்பிட்டு, "ரொம்ப வலின்னா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். எமர்ஜென்சியில் மறுபடி மறுபடி போய்க் கிடக்கக் கூடாது என்பதற்காகத்தானே இவர்களிடம் சேர்ந்தோம்?

ஆகவே என் முதல் யோசனை: கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் இரவு அவர்கள் கொடுத்திருக்கும் எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். பொய் சொல்ல வேண்டாம். "அம்மாவைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறோம், ராத்திரியில் வலி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் போதும். எடுப்பவர் நர்ஸா, வேறு ஆளா? நோயாளியின் குறிப்பு அவர் கண்முன் இருக்குமா? தேவைப்பட்டால் நேரில் ஆள் வருமா, வந்தால் எவ்வளவு நேரத்தில்? ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தானா? "இருக்கிறோம்" என்பதும் "வருவோம்" என்பதும் வேறு வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நல்ல இடத்தில் பல சமயம் ஆள் வர வேண்டிய அவசியமே இருக்காது. ஏனென்றால் ராத்திரிக்கு வேண்டிய மருந்தைப் பகலிலேயே வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டாவது ஹாஸ்பிஸ் சேர்ந்த அன்றைக்கே ஒரு சின்ன டப்பா கொடுத்தது. திடீர் வலிக்கு, குமட்டலுக்கு, பதற்றத்துக்கு, தொண்டையில் சளி கட்டினால் அதற்கு என்று தனித்தனிக் கவர். ஒவ்வொன்றின் மேலும் எதற்கு, எவ்வளவு, மறுபடி எப்போது கொடுக்கலாம் என்று பேனாவால் எழுதியிருந்தது. 'எதைக் கொடுத்தாலும் கொடுத்த கையோடு எங்களுக்குப் போன் செய்யுங்கள்' என்று மூடியின் மேல் ஒரு வரி. அந்த டப்பாவை அம்மா அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இப்படி ஒரு டப்பா தருவீர்களா என்று நீங்களும் கேளுங்கள். "அதெல்லாம் தேவைப்படும்போது பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் எனக்கு அது நல்ல சகுனமாகப் படாது.

அடுத்தது வலி. இதில்தான் நல்ல இடமும் சுமாரான இடமும் பளிச்சென்று பிரியும். இன்றைய ஹாஸ்பிஸ் முறைக்கு வழிகாட்டியாகச் சொல்லப்படுவது 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ். அவர் நர்ஸாக இருந்து, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, வலியை ஒழுங்காகக் கவனிப்பதற்காகவே பிறகு டாக்டருக்கும் படித்தவர். வலி வந்த பிறகு மருந்து கொடுப்பது தப்பு, அது வராமலிருக்க நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியிலும் இதுதான்: முடிந்தவரை வாய்வழியாக, கடிகாரம் பார்த்து, வலியின் அளவுக்கேற்ப மருந்தைப் படிப்படியாகக் கூட்டி.

முதல் ஹாஸ்பிஸ் எழுதிக் கொடுத்த சீட்டில் மார்பின் (morphine) என்ற கடும் வலிக்கான மாத்திரைக்கு நேராக 'வலி இருந்தால் மட்டும்' என்று இருந்தது. அப்பா எதையும் தாங்கிக்கொள்கிற பேர்வழி. வலி உச்சிக்குப் போகும்வரை வாயைத் திறக்க மாட்டார். அதற்குப் பிறகு மாத்திரை போட்டு அது வேலை செய்வதற்குள் எங்கள் உயிர் போய்விடும். இரண்டாவது ஹாஸ்பிஸின் டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சாதாரண மார்பின் சுமார் நாலு மணி நேரம்தான் நிற்கும், அதனால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று மாற்றினார். நடுவில் வலி எட்டிப் பார்த்தால் கொடுக்கத் தனியாக ஒரு அளவு. அது பொதுவாக ஒரு நாளின் மொத்த அளவில் பத்தில் ஒன்றிலிருந்து ஆறில் ஒன்று வரை இருக்குமாம். அந்தக் கூடுதல் மாத்திரையை எத்தனை தடவை கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னார். அடுத்த முறை வந்தபோது முதலில் பார்த்தது அந்த நோட்டைத்தான். நாலு நாளில் ராத்திரித் தூக்கம் திரும்பியது.

மார்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று எங்கள் சொந்தக்காரர்கள் பயமுறுத்தாத நாள் இல்லை. அளவறிந்து, படிப்படியாக, கவனித்துக் கொடுத்தால் அப்படி ஆகாது. இந்தப் பயத்தை ஹாஸ்பிஸ்காரர்களிடமே போட்டு உடையுங்கள். பொறுமையாக உட்கார்ந்து விளக்குகிறார்களா, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று தட்டிவிடுகிறார்களா என்று பாருங்கள்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பரீட்சை கிடையாது: மார்பினோடு சேர்த்து மலமிளக்கியும் எழுதுவீர்களா? மார்பினால் வரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் முதல் நாளே சேர்த்து எழுதிவிடுவார்கள். எங்களுக்கு முதல் ஹாஸ்பிஸ் எழுதவில்லை. எட்டு நாள் கழித்து அப்பாவுக்குத் தண்ணியாகப் போக ஆரம்பித்ததும் பேதியை நிறுத்தும் மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். உண்மையில் உள்ளே கட்டியாக அடைத்துக்கொண்டு, பக்கவாட்டில் வழிந்து வந்ததுதான் அந்தத் தண்ணி. இரண்டாவது ஹாஸ்பிஸின் சிஸ்டர் கையுறை போட்டுப் பரிசோதித்து ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

அந்த சிஸ்டரின் முதல் வருகையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கவனிக்க வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. வந்தவர் ஃபைலைத் திறக்கவில்லை. நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு அப்பாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "ஐயா, இப்போ உங்களுக்கு எது ரொம்பத் தொந்தரவா இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் வலி என்றுதான் சொல்வார் என்று நினைத்தோம். அப்பா, "வாய்" என்றார். சிஸ்டர் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்து வாய்க்குள் அடித்துப் பார்த்தார். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பூஞ்சைத் தொற்று. சாப்பாடு வேண்டாம் என்று அவர் ஒதுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று வாரமாக வந்து போனவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கச் சொல்லவில்லை! அப்புறம் போர்வையை விலக்கிக் குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி என்று ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தார். சிவப்பு மறையாமல் நின்ற ஓர் இடத்தை எனக்குக் காட்டி, "படுக்கைப்புண் இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முட்டிகளுக்கு நடுவில் தலையணை வைக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர் செய்து காட்டியதோடு விடவில்லை, என்னையும் ஒரு தடவை செய்யவைத்தார்.

கிளம்பும்போது அம்மாவைப் பார்த்து, "நீங்க கடைசியா எப்போம்மா நல்லாத் தூங்கினீங்க?" என்றார். அம்மா அழுதுவிட்டார். கவனித்துக்கொள்கிறவரையும் கவனிப்பது ஹாஸ்பிஸின் வேலையில் சேர்த்திதான். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரின் விதியிலேயே, வீட்டார் ஓய்வெடுப்பதற்காக நோயாளியைத் தொடர்ந்து 5 நாள் வரை உள்நோயாளியாக வைத்துப் பார்த்துக்கொள்ள இடமிருக்கிறது. உங்கள் பக்கத்தில் அந்த வசதி உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தேவையில்லை என்று தோன்றும். மூன்றாவது வாரத்தில் தேவைப்படும்.

உங்கள் அம்மாவுக்குப் பேச்சு குறைந்துபோனால் வலியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், சமாதானப்படுத்தினால் அடங்குகிறதா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் முறை உண்டு. மறதி நோய் முற்றியவர்களுக்காக வந்தது. எந்த முறையோ, ஏதாவது ஒரு முறை கையில் இருக்க வேண்டும். "பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்பது பதில் இல்லை.

சான்றிதழ், அங்கீகாரம், இணையத்தில் நட்சத்திரம் எல்லாம் பார்க்க வேண்டியதுதான், ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஓர் அளவுகோல் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவில் ஹாஸ்பிஸ்களை ஒப்பிட வெளியிடும் கணக்குகளில் ஒன்று, கடைசி 3 நாளில் குறைந்தது 2 நாளாவது நர்ஸோ சமூகப் பணியாளரோ நேரில் வந்தார்களா என்பது. அதையே நீங்கள் வாய்விட்டுக் கேட்கலாம்: "கடைசி நாட்களில் எத்தனை தடவை வருவீர்கள்?" அதே நர்ஸ்தான் தொடர்ந்து வருவாரா, அவர் கையில் எத்தனை நோயாளிகள், டாக்டர் வீட்டுக்கு வருவாரா, போனோடு சரியா, எதற்கெல்லாம் தனியாகப் பணம் என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கடைசி நாட்களைப் பற்றி அவர்கள் முன்கூட்டியே பேசுவார்களா என்பது இன்னொரு விஷயம். முதலாவது இடத்தில் சாவு என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. நாகரிகம் என்று நினைத்தேன். இரண்டாவது இடத்தின் டாக்டர் என்னையும் அக்காவையும் உட்காரவைத்து எல்லாம் சொன்னார். சாப்பிட மாட்டார், வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும், உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டே இருங்கள். கை கால் சில்லிடும், தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, சற்று நின்று, மறுபடி வரும். விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் நின்று கரகரவென்று சத்தம் வரும். கேட்கிற நமக்குத்தான் பயமாக இருக்கும், அவருக்கு அது பெரும்பாலும் தெரியாது, ஒருக்களித்துத் திருப்பிப் படுக்கவையுங்கள். கேட்டபோது என் வயிறு கலங்கியது. ஆனால் அந்த ராத்திரி அந்தச் சத்தம் வந்தபோது நாங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. திருப்பிப் படுக்கவைத்தோம். டப்பாவில் சளிக்கென்று இருந்த கவரை அக்கா பிரித்தாள். போன் செய்தோம், இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சேருவதைத் தள்ளிப்போடாதீர்கள். நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்புக் கவனிப்பும் (வலியையும் தொந்தரவையும் குறைக்கும் கவனிப்பு) பெற்றவர்கள் நடுவளவில், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழுமாக, 11.6 மாதம் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். அது ஹாஸ்பிஸே அல்ல, நோயும் வேறு, அதனால் இந்தக் கணக்கு உங்கள் அம்மாவுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இதில் சேர்ந்தால் ஆயுள் குறையும் என்று சொல்கிற சித்தப்பா பெரியப்பாக்களுக்குக் காட்ட உதவும். முதலில் சேர்ந்த இடம் சரியில்லை என்றால் மாறுவதற்கும் தயங்க வேண்டாம். நாங்கள் மாறியது ஒரே நாளில் முடிந்தது.

அப்பா போன மறுநாள் சிஸ்டர் வந்து, மிச்சமிருந்த மார்பினை அம்மா முன்னாலேயே எண்ணி, எழுதிக் கையெழுத்து வாங்கி எடுத்துப்போனார். ஒரு மாதம் கழித்து அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். எங்களிடம் சொல்லாத எதையோ அவரிடம் சொன்னார் என்று நினைக்கிறேன். முதல் ஹாஸ்பிஸிலிருந்தும் அதே வாரம் ஒரு போன் வந்தது. கட்டில் வாடகையில் மூன்று நாள் பாக்கி இருக்கிறதாம், அப்பா ஊரில் இருக்கிறாரா என்று கேட்டார்கள்.