கேன்சர் வந்தவருக்குத் துணை: கேட்டவர்களுக்கு அக்காவின் பதில்

(தர்மபுரிப் பக்கம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் சில.)

பென்னாகரம்: அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. சொந்தபந்தம் தினமும் பார்க்க வருகிறது. எப்படித் தடுப்பது அக்கா?

பழியை டாக்டர் மேல் போடு தம்பி, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பொய்யும் இல்லை. மருந்து ஏற்றி ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறையும், அப்போது சளி இருமலோடு ஒருத்தர் வந்தாலே ஆபத்து. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. கஷாயம் கொடுத்துப் பார்த்துக்கொண்டு உட்காராதே.

வருகிறவர்களை வெறுமனே அனுப்பாதே. மாமாவுக்கு ஆஸ்பத்திரித் துணை, சித்திக்கு மாடு கறக்கிற வேலை என்று பிரித்துக் கொடு. வேலை கொடுத்துப் பார், பாதிப் பேர் வரமாட்டார்கள்!

ஊத்தங்கரை: தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம். கேன்சர் ஒட்டாது. வெளியிலிருந்து கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்கிற நோயாளி மடியில் பேரன் தாராளமாக உட்காரலாம்.

பாலக்கோடு: அப்பாவிடம் ‘வயிற்றில் கட்டி’ என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். அண்ணன் உண்மையைச் சொல்லக் கூடாது என்கிறார்.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் வாசலில் போர்டு இருக்கிறதே அம்மா, அப்பா படிக்க மாட்டாரா? நான் பார்த்தவரை பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் அழுவார்களே என்று அவரும் தெரியாத மாதிரி இருப்பார். இரண்டு பக்கமும் நடிப்பு. நிலத்தை எழுதிவைப்பதா, யாரைப் பார்க்க ஆசை, எதையும் அவரால் பேச முடியாது. நீயாகப் போட்டு உடைக்காதே. “டாக்டர் சொன்னதை உங்களிடம் சொல்லட்டுமாப்பா, நாங்களே பார்த்துக்கொள்ளட்டுமா?” என்று கேள். அவர் கேட்கிற அளவு சொல்.

அப்புறம், மொரப்பூரில் ரயில் ஏறுகிறீர்கள் என்றால் ஆஸ்பத்திரியில் சலுகைச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

காவேரிப்பட்டணம்: நண்பனிடம் என்ன பேசுவது?

‘ஒண்ணும் ஆகாதுடா’ வேண்டாம். யூடியூப் மூலிகை வேண்டவே வேண்டாம். எப்போதும் பேசுகிற கிரிக்கெட்டையே பேசுங்கள்.

சூளகிரி: அத்தை படுத்த படுக்கை. தினமும் தூக்கிப் போக முடியவில்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தை 2021-ல் உங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தானே தொடங்கினார்கள்! வலி, நோவு தணிக்கும் சிகிச்சைக்கு அதில் நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தை பெயரைப் பதியுங்கள். புண் துடைக்க, புரட்டிப் படுக்கவைக்க அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். ராத்திரி முறை மாமாவுக்கும் உண்டு, மருமகள் ஒருத்தி தலையில் கட்டாதீர்கள்.