சென்னை வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். மொழித் தத்துவத்தைப் பிளேட்டோவிலிருந்துதான் படிக்க வேண்டுமா? தமிழில் இதற்கு இணையாக ஏதாவது உண்டா?

பிளேட்டோவிலிருந்து வேண்டாம். ஆண்டு வரிசையில் போனால் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் (1690) வருவதற்குள்ளேயே அலுத்துவிடும். ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு பெயர் தான் சுட்டும் பொருளை எப்படிப் போய்ச் சேருகிறது? வண்ணாரப்பேட்டைக்காரர் என்கிறீர்கள், உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது.

மின்ட் பஸ் ஸ்டாண்டுக்குப் போர்டில் போடும் பெயர் வள்ளலார் நகர். "மின்ட் என்பது மின்ட்" என்றால் யாருக்கும் பயனில்லை. "மின்டுதான் வள்ளலார் நகர்" என்றால் ஊருக்குப் புதியவர் பஸ்ஸைக் கோட்டைவிட மாட்டார். இடம் ஒன்றுதான், அப்புறம் இந்தப் புதுச் செய்தி எங்கிருந்து வந்தது? ஜெர்மன் தத்துவ அறிஞர் ஃப்ரெகெ 1892இல் எழுதிய கட்டுரையின் கேள்வி இதுதான் (அவருடைய உதாரணம் விடிவெள்ளியும் அந்திவெள்ளியும், இரண்டும் ஒரே வெள்ளிக் கோள்தான்). சுட்டப்படும் பொருள் வேறு, அது நமக்குத் தரப்படும் விதம் வேறு என்றார். அந்த 'விதம்' என்பதை மனதில் தோன்றும் படம் என்று எடுத்துக்கொண்டு பலர் சறுக்குகிறார்கள். படம் ஆளுக்கு ஆள் மாறும். ஃப்ரெகெ சொல்வது எல்லோருக்கும் பொதுவானது.

சரி, அந்த விதம் ஒரு வர்ணனையா? மின்ட் என்ற பெயருக்குக் காரணமான தங்கசாலையில் (நாணயச்சாலை) நாணயம் அடிப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே நின்றுவிட்டது. 'நாணயம் அடிக்கும் இடம்' என்ற வர்ணனை இன்று அங்கே பொருந்தாது, மின்ட் என்ற பெயரோ தவறாமல் போய்ச் சேருகிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் கிரிப்கெ 1970இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய மூன்று உரைகளில் இதற்கு விடை தேடலாம்: ஒருமுறை வைத்த பெயர் வாய்க்கு வாய் கைமாறி வருகிறது, இன்று டிக்கெட் கேட்பவருக்கு நாணயச்சாலைக் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஃப்ரெகெ, ரஸ்ஸல் (வர்ணனைகளைப் பற்றிய 1905 கட்டுரை), கிரிப்கெ என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஃப்ரெகெ கட்டுரை மூலத்தில் 26 பக்கம்தான், இரண்டு முறை படிக்கலாம்.

அடுத்து, பேச்சே செயலாவதை ஆராய்ந்த ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஆஸ்டின், 1955இல் ஹார்வர்டில் பேசிய 12 உரைகள். காசிமேட்டு மீன் ஏலத்தில் ஒருவர் "நாலாயிரம்" என்றால் அது மெய்யா பொய்யா என்று கேட்க முடியாது. சொன்னதே ஏலம் கேட்டதாகிவிடுகிறது. கூடை கைமாறிய பிறகு "ஐயாயிரம்" என்று கத்தினால் செல்லாது. பணம் தரும் எண்ணமே இல்லாமல் நேரத்தில் கேட்டால் செல்லும், ஆனால் ஏமாற்று. இந்த இரண்டு கோளாறையும் ஆஸ்டின் தனித்தனியாக வைக்கிறார். இன்னொன்று, 'செயலாகும் சொல், விவரிக்கும் சொல்' என்ற பிரிவினையை அவரே பிற்பகுதியில் கைவிடுகிறார். 8ஆவது உரையில் வேறு பாகுபாடு வருகிறது. பாதியில் மூடிவைத்தவர்கள்தான் முதல் பிரிவினையை அவருடைய முடிவாக மேற்கோள் காட்டுவார்கள். தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைனுக்கும் இதே கதிதான். 'பயன்பாடே பொருள்' என்று Philosophical Investigations நூலின் 43ஆம் பத்தியில் சொல்லும்போது, எல்லா இடத்திலும் அப்படியில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

தமிழில் தொல்காப்பியச் சொல்லதிகாரம் இருக்கிறது. உரியியலில் வரும் "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்பதைக் காட்டி, சுவிஸ் மொழியியலாளர் சொசூர் 1916 நூலில் சொன்னதைத் தொல்காப்பியர் முன்பே சொல்லிவிட்டார் என்று மேடையில் முழங்குவார்கள். சொசூர் சொன்னது ஒலிக்கும் பொருளுக்கும் இடையே இயற்கையான காரணமே இல்லை என்று. நூற்பாவில் இருப்பது 'இல்லை' அல்ல, 'விழிப்பத் தோன்றா'. காரணம் வெளிப்படையாகத் தெரியாது என்பது மட்டும்தான். இளம்பூரணர் உரையையும் சேனாவரையர் உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஓர் இடத்தை மட்டும் முதலில் படித்துப் பாருங்கள்.