வாடை போனால் மருந்து போனதா?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் 26 ஆண்டுகள் மண்டோராக (தொழிலாளர் மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வுபெற்றவன் நான். என் இளைய மகள் வேதியியலில் முதுகலை ஆய்வு செய்கிறாள். செம்பனைக் காட்டில் அடிக்கும் களைக்கொல்லி, மழையோடு ஆற்றில் இறங்கிய பிறகு என்னென்ன பொருளாக மாறுகிறது என்பதுதான் அவளுடைய தலைப்பு. மண்ணில் சிதைந்துவிடும் மருந்து என்று சொல்லித்தான் அதை எங்களிடம் கொடுத்தார்கள். சிதைந்துபோனதில் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது? அதற்கு 2 ஆண்டுகளைச் செலவிடலாமா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
த., சுங்கை சிப்புட்

அன்புள்ள த. அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவும் மருந்தடித்தவர்தான். காலியான மருந்துத் தோம்பை (பீப்பாயை) கழுவி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைப்பார்கள். மூன்றாம் நாள் எங்கள் மண்டோர் குனிந்து மோந்து பார்த்து, வாடை இல்லையென்றால் குளிக்கத் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவார். (தங்களைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை, நிர்வாகம் அவருக்கே அதற்கு மேல் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.) தங்கள் கேள்வியைப் படித்ததும் அந்தத் தோம்புதான் நினைவுக்கு வந்தது.

மருந்துக்குச் சொல்லப்படும் அரை ஆயுள் என்ற கணக்கு, ஊற்றிய பொருள் பாதியாகக் குறைய எத்தனை நாள் ஆகும் என்பதை மட்டுமே எண்ணுகிறது. அதிலிருந்து பிறந்த பொருள் எத்தனை நாள் இருக்கும் என்பது அந்தக் கணக்கில் சேராது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை மண்ணின் நுண்ணுயிர்கள் உடைக்கும்போது அமினோமெத்தில் பாஸ்போனிக் அமிலம், சுருக்கமாக ஏ.எம்.பி.ஏ., உண்டாகிறது, இது பெரும்பாலும் தாய்ப்பொருளைவிட நீண்ட நாள் மண்ணில் தங்குகிறது. கிளைபோசேட்டை மட்டும் தேடுகிறவருக்கு ஆறு சுத்தமாகத் தெரியக்கூடும். கொசுவுக்கு அடிக்கும் மலாத்தியானில் ஒரே ஒரு கந்தக அணு போய் அந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன் அணு உட்கார்ந்தால் அது மலாஆக்சான் ஆகிறது; நரம்பைத் தாக்குவதில் தாயைவிடப் பல மடங்கு வலியது. எல்லாச் சிதைவும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கார்பன் டை ஆக்சைடு, நீர், உப்புகள் என்ற கடைசிப் படி வரை போய்ச் சேரும் பொருள்களும் உண்டு. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடைசெய்யப்பட்ட களைக்கொல்லியான பாராகுவாட்டோ சிதைவதைவிடக் களிமண்ணை இறுகப் பற்றிக்கொண்டு கிடப்பதையே அதிகம் செய்யும்.

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய குடும்பங்கள் அறிய வேண்டிய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில், முட்டையிடத் திரும்பி வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்த சில மணி நேரத்தில் செத்துக்கொண்டிருந்தன. சாலையிலிருந்து வழிந்த நீரில் தேய்ந்த டயரின் துகள் இருந்தது. அந்தத் துகள் ஊறிய நீரை ஜென்யு தியான், எட்வர்ட் கோலோட்சே முதலிய ஆய்வாளர்கள் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி மீனைக் கொல்கிறது என்று பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் மிஞ்சிய பொருளில் 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள். டயரில் சேர்க்கும் பொருள்களின் பட்டியலில் அப்படி எதுவுமே இல்லை. ஆனால் 6-பிபிடி என்ற பொருள் இருந்தது: அதே 18 கார்பன், அதே 2 நைட்ரஜன், 24 ஹைட்ரஜன், ஆக்சிஜன் கிடையாது. ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கப்படும் அது, காற்றிலுள்ள ஓசோனைத் தன்மேல் வாங்கிக்கொண்டு ரப்பரைக் காக்கிறது. வாங்கியதும் 6-பிபிடி குவினோன் ஆகிறது. 2020 டிசம்பரில் வெளிவந்த அந்த ஆய்வுக்கு முன்னால் டயர்த் தொழிலில் பல்லாண்டு புழங்கிய பொருளின் பிள்ளை இது என்று யாருக்கும் தோன்றவில்லை. நம்மவர்கள் விடியலில் மங்கு மங்காக எடுத்த பால் போய்ச் சேர்ந்த இடத்தில் நடந்த மாற்றம் இது என்பதால், எனக்கு அந்தக் கட்டுரையை ஒதுங்கி நின்று படிக்க முடியவில்லை.

ஆகவே 2 ஆண்டுகள் அதிகமில்லை என்பேன். என் கவலை வேறு. ஆற்றில் ஏ.எம்.பி.ஏ. கிடைத்தவுடனே தோட்டத்தின் மேல் பழி போட்டுவிடக் கூடாது, ஏனெனில் சலவைத்தூளில் சேர்க்கும் சில பாஸ்போனேட்டுகளும் சிதைந்து அதே பொருளைத் தருகின்றன. தோட்டத்துக்கு மேலேயும், தோட்டத்துக்குக் கீழேயும், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் சாக்கடை சேரும் இடத்துக்குப் பிறகும் தனித்தனியாக நீர் எடுத்தால்தான் யாருடைய பங்கு எவ்வளவு என்று ஓரளவு பிரிக்க முடியும். அதே நீரில் ஒரு புட்டியை வெயிலிலும், ஒன்றை அலுமினியத் தாள் சுற்றியும், ஒன்றை நுண்ணுயிர் சாகும்படி கொதிக்கவைத்தும் வைத்துப் பார்த்தால், மாற்றியது ஒளியா உயிரியா என்பதும் தெரியவரும். தங்கள் மகள் இவற்றையெல்லாம் அறிந்திருப்பார். தாங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

அவர் கையில் இல்லாத ஒன்று தங்களிடம் இருக்கக்கூடும். மூலக்கூறுகளை எடை பார்த்துப் பிரித்துக் காட்டும் நிறைமானியில் போட்டால் ஆற்றுநீர் ஆயிரக்கணக்கான கூர்முனைகளைக் காட்டும். அந்தக் காட்டில் எதை ஊற்றினார்கள் என்று தெரியாவிட்டால், எது எதன் பிள்ளை என்று தேடுவது பெரும்பாடு. எந்த நிரையில், எந்தத் தேதியில், எந்த மருந்து, எத்தனை பம்பு என்று எழுதிவைத்த பழைய மண்டோர் புத்தகங்கள் இன்னும் வீட்டில் இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் மகளிடம் கொடுங்கள்.