இரண்டு பூஞ்சை மருந்துகள் சேர்ந்தால் பலம் கூடுமா என்று லேபில் எப்படிப் பார்க்கிறார்கள்?

திருப்புல்லாணிப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: சீமைக் கருவேல முள் குத்தி அப்பாவின் கருவிழியில் பூஞ்சைப் புண், நாட்டமைசின் என்ற பூஞ்சை மருந்தோடு வோரிகோனசோல் என்ற இன்னொன்றையும் சேர்த்தால் நல்லதா, லேபில் தெரியுமா?

ஓரளவு தெரியும். புண்ணில் சுரண்டி எடுத்த பூஞ்சையை வளர்த்து, அதன் வித்துகளை 96 குழித் தட்டில் விடுவார்கள். குறுக்கே ஒரு மருந்து, நெடுக்கே மற்றொன்று. குழிக்குக் குழி அளவு பாதியாகக் குறையும். ஏறக்குறைய இரண்டு நாள் கழித்து எந்தக் குழியில் பூஞ்சை வளரவில்லை என்று பார்ப்பார்கள்.

பிறகு கணக்கு. பூஞ்சை வளராமல் நிறுத்த, தனியாக 8 பங்கு தேவைப்பட்ட நாட்டமைசின், கூட்டில் 2 பங்கு போதும். தனியாக 4 தேவைப்பட்ட வோரிகோனசோல், கூட்டில் 1 போதும் என்று வையுங்கள். 2/8 + 1/4 = 0.5. கூட்டுத்தொகை 0.5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. 4-க்கு மேலே போனால் ஒன்றையொன்று கெடுக்கின்றன. இடையில் என்றால் பெரிய மாற்றமில்லை.

கெடுக்குமா என்ற சந்தேகம் வீணல்ல. நாட்டமைசின் பூஞ்சைச் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. வோரிகோனசோலோ அந்த எர்கோஸ்டெரால் உருவாவதையே தடுக்கிறது; அப்போது நாட்டமைசினுக்குப் பிடிக்கக் கிடைப்பது குறையலாம்.

தட்டு வேறு, கண் வேறு. நாட்டமைசின் கருவிழிக்குள் ஆழமாக இறங்காது. ஆனாலும் 2013-இல் வெளியான ஆய்வில், தனித்தனியாக ஒப்பிட்டபோது, குறிப்பாக ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் புண்ணில், நாட்டமைசினே மேலாக இருந்தது.

சேர்ப்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு போட்டுவிடாதீர்கள். பூஞ்சைப் புண் மோசமாகும்.